நாலாவது மாடித் தக்காளி

புக்கிட் செந்தோசா அடுக்குமாடியில், எங்களுக்கு மேல்மாடியில் பள்ளி பஸ் ஓட்டும் அக்கா ஒருவர் இருந்தார். தினமும் தக்காளி இலையைத் தடவி விரலை முகர்ந்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். முன்பு குடியிருந்த எஸ்டேட்டில் அவர் பயிரிட்டிருந்த நிலத்தை, செடியில் காய் இருக்கும்போதே புல்டோசர் நிரவிவிட்டதாம். இங்கே நடைபாதையில் பெயிண்ட் வாளிகளில் வளர்த்தார். அகற்றும்படி குடியிருப்புக் குழு நோட்டீஸ் ஒட்டியும் வாளிகள் நகரவில்லை. நேரில் சொல்லும் வேலை, குழுவில் இருந்த என் தலையில் விழுந்தது. தயங்கித்தான் படியேறினேன். நடைபாதை காலியாக இருந்தது.

“இப்பத்தான் பால்கனிக்கு மாத்துனேன் தம்பி. அங்க வெயிலு நல்லா வருது லா.”

“கோவம் இல்லையாக்கா?”

“எஸ்டேட்டுல யாரும் ஒரு வார்த்த சொல்லல. நீங்க நோட்டீஸ் ஒட்டுனீங்கல்ல.”

அந்தக் காகிதத்தை அவர் மரியாதையாக எடுத்துக்கொண்டது இன்றும் எனக்கு வியப்புதான்.