நான்கு நாள் விற்காத விதை

எண்பதுகளின் தொடக்கம். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஊரே குறுவைக்கு நாற்றங்கால் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருக்கவில்லை. பண்ணையில் கூலியாக இருந்தவர். பிற்பாடு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, குத்தகைதாரர்களைப் பதிவுசெய்யும் சட்டம் வந்தபோது தன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டிலும் ஏற்றிக்கொண்டவர். அந்தப் பெயரை அம்மாவுக்கு மாற்றித் தரக் கேட்டு மனு கொடுத்திருந்தோம். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளை என்ன சாகுபடி பண்ணிடுவா? நிலம் தரிசாத்தான் கிடக்கும்" என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார். ஆட்சி எந்தக் கழகத்துடையதாக இருந்தாலும் அந்த ஆபீசில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆகவே, அந்தக் குறுவையில் எங்கள் நிலம் பச்சையாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிலம் போய்விடும். விஷயம் அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான், அம்மாவுடன் கடைத்தெருவிலிருந்த விதைக் கடைக்குப் போனேன். கடைக்குள் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கம்மா. குறுவை விதை இப்ப இல்லைங்களே. நாலு நாள் கழிச்சு வாங்க."

அம்மா மூட்டைகளைப் பார்த்தாள். "அப்ப அதெல்லாம் என்னங்க, தவிடா?"

"விதைதாம்மா. இப்ப குடுக்கறதுக்கில்ல."

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மெதுவாக அதை இறக்கினார். எங்கள் மிராசுதார். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டாள்.

"பாத்தியா? நாலு நாள் இழுத்தடிச்சா நாத்துக்கு நாள் தப்பிடும். அவரு சொல்லிக் குடுத்திருக்காரு, இவரு செய்யிறாரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கடையின் பின்சுவரில் ஆணியில் ஈரத்துணிகள் சுருட்டிக் கட்டித் தொங்கியதைக்கூட நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன். மூட்டையில் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டுகிறாரோ என்று அம்மாவிடம் சொன்னேன். "செய்வாரு, செய்வாரு" என்றாள்.

எதிர்சாரியில் இன்னொரு கடை. அங்கே எங்களுக்கு ஸ்டூல் போட்டார்கள், காப்பி வரவழைத்தார்கள். "அக்கா, உங்களுக்கு இல்லாத விதையா? அண்ணன் நம்ம பழைய வாடிக்கைல்ல" என்றார் அந்தக் கடைக்காரர். அப்பா அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. ஆனாலும் காப்பி சூடாக இருந்தது. அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து எடுத்துவந்த பணத்தைக் கொடுத்து மூட்டையை வாங்கினாள்.

வழக்கப்படி மூட்டையை வாய்க்காலில் ஊறப்போட்டோம். எடுத்து வடியவைத்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லை ஏற்றினோம். முளை கட்டியிருக்கும் என்று பிரித்த காலையில் புளித்த வாடைதான் வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை முளை தெரிந்தது. மீதியெல்லாம் கொழகொழவென்று கிடந்தது. அம்மா ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே அந்தக் கையோடு கடைக்கு நடந்தாள்.

இந்த முறை ஸ்டூல் போடவில்லை. "வாய்க்கால்ல ஊறப்போட்டீங்களா? இந்த வெயில்ல தண்ணியே சூடு. முளை வெந்துபோயிருக்கும். விதை என்ன பண்ணும்?" என்றார் காப்பி கொடுத்தவர்.

"காவேரித் தண்ணியில முளைக்காதது வேற எதுல முளைக்கும்? நீங்க குடுத்த காப்பியிலயா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பணம் மட்டும் திரும்பவில்லை.

வெளியே வந்தபோது, முதல் கடை வாசலில் ஒரு வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே போய், "ராத்திரியே கொண்டுபோயிருக்கலாமே, எங்க கண்ணுல படாம. மிராசுதார் வீட்டுக்குத்தானே?" என்று கேட்டாள்.

"வந்த எடத்துக்கே திரும்பப் போகுதும்மா" என்றார் கடைக்காரர்.

அம்மாவின் கையில் இருந்ததை அப்போதுதான் கவனித்தார். உள்ளே போய், ஆணியில் தொங்கிய ஒரு துணிச் சுருளை எடுத்துவந்து எங்கள் முன்னால் பிரித்தார். ஈரத்துணிக்குள் வரிசை வரிசையாக நெல். பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. புதுச் சரக்கு எது வந்தாலும் இப்படிச் சுருட்டி வைத்துப் பார்க்காமல் அவர் விற்பதில்லையாம்.

"எதிர்க்கடைக்கும் எனக்கும் ஒரே லாரியிலதான் வந்துச்சு."

அம்மா அந்தத் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"அன்னிக்கு எனக்கே தெரியாதும்மா. கையில அள்ளினப்ப ஒரு சந்தேகம், அவ்வளவுதான். வெறும் சந்தேகத்த வச்சிக்கிட்டு அவங்க சரக்கு கெட்டதுன்னு நாலு பேருகிட்ட சொல்லி, நாளைக்கு அது நல்லா முளைச்சிட்டா? அவங்களும் தொழில் பண்றவங்கதானே."

அவர் இன்னொன்றும் சொன்னார். மிராசுதார் அன்று உட்கார்ந்திருந்தது இதே விதைக்காகத்தான். அவருக்கும் 'இல்லை' என்றுதான் சொல்லியிருந்தார். 'கட்சிக்காரனுக்கு ஒதுக்கி வச்சிருக்கியா?' என்று மிராசுதார் கேட்டாராம்.

சீர்காழிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் சோதித்துப் பார்த்த விதைநெல் கொஞ்சம் இருப்பதாகவும், மறுநாள் வந்துவிடும் என்றும் கடைக்காரர் சொன்னார். "உங்களுக்கு ஒரு மூட்டை எடுத்து வைக்கிறேன். பணம் அறுப்புக்கு அப்புறம் பாத்துக்கலாம்." வீடு திரும்பும் வழியில் அம்மா சொன்னது: "எடுத்து வைக்கிறாராம். மிராசுதார் வந்து நின்னா தெரியும் சேதி."

மறுநாள் கடை திறக்கும் முன்பே நாங்கள் வாசலில் இருந்தோம். வந்தது குறைவான மூட்டைகள்தான். எங்கள் மூட்டையை இறக்கிவைத்த நேரத்தில் மிராசுதாரின் கார் வந்து நின்றது.

"எல்லாத்தையும் ஏத்தச் சொல்லுய்யா. எனக்கே பத்தாது" என்றார்.

"இதத் தவிர மத்ததெல்லாம் எடுத்துக்குங்க ஐயா. இது அவங்களுது."

"யாரு, இவளா? இவ வெதச்சுக் கிழிக்கப் போறாளா? அந்த நிலத்து மேல வழக்கு இருக்குன்னு தெரியும்ல?"

"வழக்கு தாலுகா ஆபீஸ்ல இருக்குங்க. என் கடையில அவங்கதான் முதல்ல கேட்டாங்க."

"உங்க அப்பா காலத்துலேருந்து உன் கடையில வாங்கறேன் நான்."

"தெரியுங்க ஐயா." மூட்டையின் மேல் வைத்த கையைக் கடைக்காரர் எடுக்கவில்லை.

மிராசுதார் மற்ற மூட்டைகளையும் வாங்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

எங்கள் அம்மா அங்கே நன்றி சொல்லியிருப்பாள் என்று நினைப்பீர்கள். இல்லை. மூட்டை வாயைப் பிரித்து, நெல்லைக் கடித்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். "இத எப்படி நம்பறது?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டாள். எனக்கு உடம்பு கூசியது. அவர் கோபப்படவில்லை. சுத்தமான துணி ஒன்றைக் கிழித்து அம்மாவிடம் நீட்டி, "நம்ப வேணாம்மா. வீட்ல ஒரு பிடி சுருட்டி வச்சுப் பாத்துட்டே ஊறப்போடுங்க. முளைக்கலைன்னா திருப்பிக் கொண்டாங்க" என்றார்.

அம்மா அப்படியே செய்தாள். முளைத்தது. நாற்று கொஞ்சம் பிந்தினாலும் நிலம் பச்சையானது. வருவாய் ஆய்வாளர் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார். பதிவேட்டில் பெயர் அம்மாவுக்கு மாறியது.

மிராசுதாரும் அவருடைய உறவுக்காரர்களும் அதன்பின் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். இந்தக் கடையில் மூட்டைகள் ஒருபோதும் பழையபடி கூரையைத் தொடவில்லை. நாங்கள் கடைசிவரை அங்கேதான் வாங்கினோம். ஒவ்வொரு முறையும் அம்மா முகர்ந்து, கடித்து, குறை சொல்லித்தான் வாங்கினாள்.

அன்றைய அம்மாவின் வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் குணம் அம்மாவிடமிருந்து அப்படியே வந்திருக்கிறது, அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. ஆனால், என்னிடம் யாராவது சந்தேகத்தோடு கேள்வி கேட்டால், கோபம் வருவதற்கு முன்பு, மூட்டைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு தன்னை நம்பாத பெண்ணுக்காகத் தன் பெரிய வாடிக்கையை இழந்துகொண்டு நின்ற அந்த மனிதரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.