பாறூக் நானா சுமந்த கதைகள்

எங்கள் ஐஸ் பெக்டரி மனேஜர் பாறூக் நானாவுக்கு ஏசத் தெரியாது. அதில் எனக்குப் பெரிய கோபம் உண்டு. பதினொரு வருடமாக வாசல் மேசையில் சிட்டை எழுதுகிறேன். ஒரு நாளாவது அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. வேலைக்குப் பிந்தி வருகிறவனிடம், "என்ன வாப்பா, உடம்புக்கு ஏலாதா?" என்று கேட்பார். பிந்தியதற்குக் காரணத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தால் அவன் ஏன் நேரத்துக்கு வரப்போகிறான்? கற்பிட்டிக் கரையில் பாதிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற இடத்தை இப்படியா நடத்துவது என்று நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

"அதான் நீ ஏசுறியே புள்ள, அது போதும்" என்றார்.

இந்த மனிதரிடம்தான் போன மாதம் அந்தச் சண்டை வந்து சேர்ந்தது.

எங்கள் பெக்டரியில் ஐஸ் கட்டிகள் மேல்தட்டிலிருந்து பலகைச் சரிவில் வழுக்கி வரும். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. எத்தாளை ஊர்க்காரர் முத்தலிபு மேலே நின்று தள்ளுவார். இன்னாசித்தம்பி கீழே நின்று கொக்கியால் பிடித்து, உடைக்கிற மெஷினுக்குள் இழுத்து விடுவார். தள்ளுமுன் மேலே இருப்பவர் கத்த வேண்டும். கத்தாவிட்டால் கீழே நிற்பவரின் கால் போய்விடும். ஒன்பது வருடமாக இருவரும் அப்படிக் கத்திக்கொண்டு நல்லபடியாகத்தான் இருந்தார்கள். ஒரு நாள் வரிசையில் பின்னால் நின்ற தன் மச்சானின் லொறிக்கு முத்தலிபு முதலில் ஐஸ் விட்டார். இன்னாசித்தம்பி பத்துப் பேர் முன்னால், "கள்ளன்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது, கத்துவதும் நின்றது.

முதலாளி கொழும்பிலிருந்து போனில் ஒரே வார்த்தையில் முடித்தார். "மாச முடிவுக்குள்ள அவங்க கதைக்கல்லயெண்டா ஒராள நிப்பாட்டுங்க. யாரெண்டு நீங்களே முடிவெடுங்க."

யாரை நிறுத்துவது? இருவருக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். பாறூக் நானாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து இரும்புப் படியில் நடுவில் நின்று கையைத் தூக்கி, 'விடலாம்' என்று காட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கதைகளையும் அவரே சுமந்தார். கீழே இன்னாசித்தம்பி, "அந்தக் கள்ளனுக்குச் சொல்லுங்க, மெல்லத் தள்ளச் சொல்லி" என்பார். பாறூக் நானா நோகிற முழங்காலோடு ஏறிப்போய், கொம்பிரசர் இரைச்சலில் முத்தலிபின் காதுக்குள் கத்துவார். அங்கே என்ன கத்துகிறார் என்பது ஒரு நாள் மேலே கட்டிகளை எண்ணப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் மெல்ல விடட்டாம். நீங்க களைச்சுப் போயிரிக்கீங்க எண்டு இன்னாசி கவலப்படுறார்!"

நான் திரும்பிப் பார்த்தேன். "நீ ஒண்டும் கேக்கல்ல, புள்ள" என்றார்.

முத்தலிபின் பதில் எழுதக்கூடியதல்ல. கீழே இறங்கும்போது அதுவும் சீனி போட்டுக்கொண்டு இறங்கியது. கட்டிகள் உண்மையிலேயே மெல்ல வரத் தொடங்கின. அதைக் கண்டு பாறூக் நானாவுக்குத் துணிச்சல் கூடிவிட்டது. தன் காசில் எண்ணெய் வாங்கி, முத்தலிபு கொடுத்ததென்று இன்னாசித்தம்பியின் தோள் நோவுக்குக் கொடுத்தார். முத்தலிபிடம் போய், மகளுடைய பள்ளிக்கூடச் சோதினை எப்படி என்று இன்னாசித்தம்பி கேட்டதாகவும் சொல்லிவிட்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பாறூக் நானா மேலே போய் முத்தலிபின் காதுப் பக்கம் குனிந்த நேரத்தில் கரண்ட் போனது. கொம்பிரசர் நின்றது. பழக்கத்தில் அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"உங்களப் போல ஒரு வேலக்காரன் இந்தக் கரையிலேயே இல்லயாம்! இன்னாசி சொல்றார்!"

பெக்டரி முழுவதும் கேட்டது.

"நான் எப்ப சொன்னனான்?" என்றார் கீழே நின்ற இன்னாசித்தம்பி.

முத்தலிபு படியிறங்கி வந்து அவர் முன்னால் நின்றார். "என்ட மகள்ட சோதினயப் பத்திக் கேட்டது நீ இல்லயா?"

"உன்ட மகள் சோதின எழுதினதே எனக்குத் தெரியாது. அப்ப அந்த எண்ணெய் நீ தந்ததில்லயா?"

"என்ன எண்ணெய்?"

இருவரும் மேலே பார்த்தார்கள். பாறூக் நானா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விழுந்ததே ஏச்சு! பொய்யன் என்றார் ஒருவர். இந்த வயசில் வெட்கமில்லையா என்றார் மற்றவர்.

"பாத்தியா இன்னாசி, ரெண்டு பேரையும் மடயனாக்கியிரிக்கார்!"

"ஓம், பாத்தன். விடப்படாது இவர."

ஏசி முடிந்தது. இன்னாசித்தம்பி கொக்கியைக் கீழே வைத்தார்.

"அண்டைக்குப் பத்துப் பேருக்கு முன்னால நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். பிறகு, "சரி, மகள் எப்பிடி எழுதினவளாம்?" என்று கேட்டார்.

"கணக்குத்தான் கொஞ்சம் கஷ்டமாம்" என்றார் முத்தலிபு.

பாறூக் நானா என் மேசைக்கு வந்து போனை எடுத்தார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

"முதலாளி, ஒராளையும் நிப்பாட்டத் தேவயில்ல" என்றார். "ரெண்டு பேரும் கதைக்கிறாங்க. என்னத்தான் ஏசுறாங்க."