கன்னிமூலையில் கொட்டிய செம்மண்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் கோலா சிலாங்கூர் டவுனில், வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் வேலை பார்த்தேன். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் முதலாளி பென்சிலால் போட்டுத் தருவார். நான் மை ஏற்ற வேண்டும். கடைசியாக மண் மட்டம். எது மேடு, எது பள்ளம், மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடி எந்த லொங்காங் வடிகாலில் விழும் என்று சின்னச் சின்ன அம்புக்குறி போடுவேன். அது சரியில்லையென்றால் வடிகால் அதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். கடலோரத்து மண் தோசைக்கல் மாதிரி தட்டை. ஒரு சாண் தப்பினால் இந்த வீட்டுத் தண்ணீர் அந்த வீட்டுக்குள் போய் நிற்கும்.

எங்கள் வீட்டுப் பிளானுக்கும் நான்தான் மை போட்டேன். தென்னந்தோப்பை வெட்டிப் பிரித்த மனை. முன்பக்கம் மேடு. பின்னால் தென்மேற்கு மூலை பள்ளம், அதை ஒட்டித்தான் லொங்காங். என் அம்புக்குறிகள் எல்லாம் அந்த மூலையைப் பார்த்து நின்றன. அதிகாரி வந்து மட்டம் பார்த்தார், தலையாட்டினார், குடிபோக அனுமதி கிடைத்தது. எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் சட்டிபானையோடு வந்து சேர்ந்தோம்.

என் வீட்டுக்காரர் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. தராசு முள் நிற்கும்வரை மூச்சு விட மாட்டார். அவ்வளவு கணக்கான மனிதர், சகுனம் என்று வந்துவிட்டால் பச்சைப்பிள்ளை. பூனை குறுக்கே போனால் சாலையோரம் நின்று, வேறு யாராவது முதலில் போகட்டும் என்று காத்திருப்பார். அந்த வேறு யாரோவுக்கு ஏதாவது ஆனால் பரவாயில்லையா என்று நான் கேட்டால் அன்று முழுக்கப் பேச மாட்டார்.

குடிபோன கொஞ்ச நாளில், ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்க்கிறேன், வீட்டுக்குப் பின்னால் செம்மண். வீட்டுக்காரர் லோரியில் கொண்டுவந்து தென்மேற்கு மூலையில் கொட்டி, மிதித்துக் கெட்டிப்படுத்தி, அழகாக மேடாக்கியிருந்தார்.

“என்னாங்க இது?”

“எஸ்டேட்டு பூசாரி வந்து பாத்தாரு. கன்னிமூல பள்ளமா இருந்தா வீட்டு ஆம்பளைக்கு ஆவாதாம். தண்ணி ஈசான மூலைக்குத்தான் போவணுமாம்.”

“ஈசான மூலையில பக்கத்து வீடுல்ல இருக்கு!”

“அவங்க வீட்டுக்குள்ளயா போவப்போவுது? நெலம் குடிச்சிரும் லா.”

அதிகாரி வந்து போகும்வரை வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தபோது, “எங்கப்பாவும் அண்ணனும் நாப்பது தாண்டல” என்றார். அவருக்கு அப்போது நாற்பது நடந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அதெல்லாம் சும்மா என்று சொல்லத்தான் நினைத்தேன். அம்புக்குறி போட்ட அதே கையால் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முஸ்லிம் தமிழர். விடியுமுன் போனால் ராத்திரிதான் வருவார். அவர் மனைவி ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த சின்னப்பெண். தலைச்சன் பிள்ளை பெற்று இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. தாயார் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். வேலி ஓரமாக நின்று, “அக்கா, இதச் சாப்பிடலாமா, அதச் சாப்பிடலாமா” என்று என்னைத்தான் கேட்பாள். பிள்ளையே பெறாத என்னிடம் போய்க் கேட்கிறாளே என்று சிரிப்பு வரும். இருந்தாலும் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பேன். அந்த வீடு பழையது. தரை எங்கள் தரையைவிடத் தாழ்ந்தது.

என் பயம் அங்கேதான் இருந்தது. எஸ்டேட் லயத்தில் என் சின்னம்மா பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வெறுங்காலோடு நின்று வாளியால் இறைத்தாள். பிறகு ஜன்னி கண்டு, பல் கிட்டி, பிள்ளை முகமே அடையாளம் தெரியாமல் செத்துப்போனாள். தண்ணீரால்தான் வந்ததா என்று டாக்டரைக் கேட்டால் வேறு சொல்வார். நான் பார்த்தது அதைத்தான்.

மண்ணை எடுத்துவிடச் சொல்லித் தினமும் கெஞ்சினேன். “எனக்கு நாப்பது முடியட்டும், எடுத்துர்றேன்” என்பார். அங்கே ஒருத்தி நாற்பது நாளை எண்ணினாள், இங்கே ஒருவர் நாற்பது வயதை எண்ணினார். நடுவில் நான் மேகத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். கடையில் யார் வீட்டுப் பிளானுக்கோ அம்புக்குறி போடும்போது ஆற்றுப் பக்கம் இடி உருளும். அம்புக்குறியின் மேலேயே மை சிந்திவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தேவிட்டது. எதிரில் நின்ற தென்னைமரம் தெரியாத மழை. பின்வாசலில் நின்று பார்த்தேன். கூரைத் தண்ணீர் முழுக்கக் கன்னிமூலைக்கு ஓடி, அந்த மேட்டில் முட்டி, திரும்பி, சிவப்பாகச் சுவரோரம் ஊர்ந்து வேலிக்கு அந்தப் பக்கம் போனது. மேட்டுக்குப் பின்னால் லொங்காங் பாதிகூட நிறையவில்லை.

“அக்கா! தண்ணி உள்ள வருதுக்கா!”

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கணுக்கால்வரை சிவப்புத் தண்ணீர்.

“தண்ணில நிக்காத தங்கச்சி! மேச மேல ஏறு! பிள்ளையத் தூக்கிக்கிட்டு மேச மேல ஏறு!”

அவள் உள்ளே ஓடினாள். என் கண்ணுக்குச் சின்னம்மாவின் கால்தான் தெரிந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினேன்.

“வெட்டாத.” வீட்டுக்காரர் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சொல்றேன்ல, வெட்டாத.” அதட்டல் இல்லை. அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

வெட்டினேன். கெட்டிப்பட்ட மண் லேசில் பெயரவில்லை. ஒவ்வொரு வெட்டும் அவர் மேலேயே விழுவது மாதிரி இருந்தது. ‘சாமி, அவர விட்டுரு, சாமி, அவர விட்டுரு’ என்று முனகிக்கொண்டே வெட்டினேன். கையகல வழி திறந்தது. மேலிருந்து சேறு சரிந்து மறுபடி அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் பிள்ளை வீறிட்டது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து மண்வெட்டியைப் பிடித்தது. தூக்கி எறியப்போகிறார் என்று விடாமல் இழுத்தேன்.

“குடு,” என்றார். “நாளைக்கி எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீ வெட்டுனதாலதான்னு காலம்பூரா அழுதுகிட்டு கெடப்ப. குடு, நானே வெட்டிக்கிறேன்.”

என் கை தானாக விட்டது. அவர் கால்களை அகட்டி நின்று வெட்டினார். குலை வெட்டுகிற ஆளில்லை, பேனா பிடிக்கிற ஆள். ஆனாலும் நிற்காமல் வெட்டினார். சேறும் தண்ணீருமாகச் சேர்ந்து பிய்த்துக்கொண்டு லொங்காங்கில் போய் விழுந்தது. சுவரோரம் போன தண்ணீர் தயங்கி நின்று, எங்கள் பக்கம் திரும்பியது.

“எறங்குதுக்கா! தண்ணி எறங்குது!” ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது.

அது அவர் காதிலும் விழுந்திருக்கும். நிறுத்தவில்லை, வழியை இன்னும் அகலமாக்கிக்கொண்டிருந்தார். போதும் என்றால் வழி மறுபடி அடைத்துக்கொள்ளும், வெட்டுங்கள் என்றால் அவர் உயிரை நானே கேட்டது மாதிரி ஆகும். அவருடைய நனைந்த முதுகைப் பார்த்தபடி, சேறு அப்பிய கையால் தாலியைப் பிடித்துக்கொண்டு அந்த மழையில் நின்றேன்.