வலது பக்கச் சில்லு

பிரேக் தூசிக்கு ஒரு மணம் உண்டு. தேய்ந்த இரும்பும் கருகிய ரப்பரும் கலந்த மாதிரி... எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. நேற்று என் வானை சர்வீசுக்கு விட்டுவிட்டு கராஜ் வாசலில் நின்றபோது அதே மணம் வந்தது. அதோடு அந்தப் பழைய லொறியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்த புதிதில் நானும் அத்தானும் சேர்ந்து வாங்கிய சின்ன லொறி அது. அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். கிழமை நாட்களில் அவர் மாடிக் கட்டடங்களில் படி கழுவுவார்; நான் ஒரு சிஞ்ஞோரா, அதுதான் இத்தாலிக்கார அம்மா, வீட்டில் வேலை. சனி, ஞாயிறில் லொறி ஓடும். அல்பெர்கேரியா சந்துகளில் வீடு மாறுகிற எங்கள் ஆட்களின் கட்டில், பிரிட்ஜ், மாதா படம் எல்லாம் அதில்தான் போகும்.

ஒருநாள் பிரேக் கிறீச்சிடத் தொடங்கியது. கால்சாப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். மனிதர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, விலை சொன்னார். என் ஒரு மாதச் சம்பளம்! அத்தானின் முகம் கறுத்துவிட்டது.

“பிரேக் பாட்ஸை வாங்கினா மாத்திறது என்ன பெரிய வேலையே? நீ கொழும்பிலை கராஜிலை நிண்டனி தானே?” என்றார்.

நின்றவன்தான். ஓம் என்றேன். யோசனை அவருடையது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்...

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வெறும் வளவு. லொறியை ஜாக்கில் ஏற்றி, சில்லுகளைக் கழற்றி, பழைய பாட்ஸை எடுத்தோம். பிஸ்கட் மாதிரித் தேய்ந்து கிடந்தன. புதியதைப் போட்டு, பாட்ஸ் அழுத்திப் பிடிக்கிற டிஸ்க் இரண்டையும் ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைத்தேன். டிஸ்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. கராஜில் முதல் நாளே திட்டித் திட்டிச் சொல்லித் தந்த பாடம் அது.

மத்தியானம் அக்கா சோறும் மீன் குழம்பும் கொண்டு வந்தாள். இடது சில்லைப் பூட்டியாயிற்று, வலது சில்லு இன்னும் நிலத்தில் கிடந்தது. நானும் அத்தானும் பக்கத்து பாருக்குக் கை கழுவப் போனோம்.

திரும்பி வரும்போது அக்கா லொறிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சின்னப் போத்தலை மூடிக்கொண்டிருந்தாள். பங்குச் சுவாமி ஆசீர்வதித்துக் கொடுத்த எண்ணெய். எங்கள் ஆட்கள் வாகனம் எடுத்தால் அதில் சிலுவை போடாமல் ரோட்டில் இறக்க மாட்டார்கள். பொனட்டில் ஒரு சிலுவை மினுங்கிக்கொண்டிருந்தது.

“பூசிவிட்டன் தம்பி. இனி ஒண்டுக்கும் பயமில்லை” என்றாள்.

பொனட்டில் மட்டும்தான் என்று நினைத்தேன். சாப்பிட்டோம். அத்தான் வலது சில்லைத் தூக்கிப் பூட்டினார்.

அடுத்த நாள் எங்கள் ஆட்கள் எல்லோரும் சாந்தா ரோசாலியா மலைக்கோவிலுக்கு ஏறுகிற நாள். சமையல் கிடாரங்களும் கதிரைகளும் லொறியில் போயின; அத்தான் ஓட்டினார். நான் சனத்தோடு நடந்து ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அத்தான் சொன்னார், “பிரேக் பிடிச்சா ஒரு பக்கம் இழுக்குது.”

“பொறுங்கோ அத்தான், ஒருக்காக் கழட்டிப் பாப்பம்.”

“விசரே உனக்கு? இவ்வளவு ஆக்களுக்கு முன்னாலை சில்லைக் கழட்டச் சொல்லுறாய்! புதுப் பாட்ஸ், ஓட ஓடச் சரிவரும்.”

எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பூசை முடிந்து இறங்கும்போது இரண்டாவது வளைவில் அத்தானோடு லொறி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கல்மதிலில் மோதியது.

உயிர் தப்பியது கடவுள் புண்ணியம். ஆனால் அத்தானின் முழங்கால் நொறுங்கிவிட்டது. படி கழுவுகிற மனிதருக்கு முழங்கால் போனால் பிறகு என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் கோவில் ஆட்கள் எல்லோரும் நிற்க அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

“காசைப் பாத்தாய், என்ரை மனிசனைப் பாக்கேல்லையே! ஒரு மெக்கானிக்கிட்டைக் குடுத்திருந்தா இப்பிடி நடந்திருக்குமோ?”

நான் அத்தானைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று... அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவே ஆறாது.

லொறியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கும் முன் வலது சில்லைக் கழற்றிப் பார்த்தேன். பாட்ஸ் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. முகர்ந்தேன். பிரேக் ஒயில் இல்லை, ஒலிவ் எண்ணெய். டிஸ்கின் நடுவில், பாட்ஸ் உரசாத இடத்தில், எண்ணெயில் தூசி ஒட்டி ஒரு சிலுவை அப்படியே இருந்தது. பெருவிரலால் போட்ட சிலுவை. நாங்கள் கை கழுவப் போன நேரம், பாவம், பிரேக்குக்கே பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன். அவளிடம் போய் என்னத்தைச் சொல்வது? உன் மனிசனின் காலை முறித்தது உன் கைதான் என்றா?

அன்றிலிருந்து பலெர்மோத் தமிழருக்கு நான் கஞ்சன். பிரேக்கில் மிச்சம் பிடித்து அத்தானை முடமாக்கியவன். கலியாண வீட்டில்கூட இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

இப்போது பிரேக்கை நான் தொடுவதே இல்லை. கராஜில் சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறேன். “அண்ணை இப்பதான் திருந்தியிருக்கிறார்” என்கிறார்கள். என்னவோ நான்தான் பிழை விட்டவன் மாதிரி!

போன மாதம் அக்காவின் மகள் புதுக் கார் வாங்கினாளாம். யாரோ படம் அனுப்பினார்கள். அக்கா அதே மாதிரிப் போத்தலோடு நிற்கிறாள். தலை நரைத்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிச் சில்லுப் பக்கம்தான் முதலில் பார்த்தேன். சிலுவை பொனட்டில்தான் இருந்தது. மூச்சு வந்தது.

அக்கா என்னை ஃபேஸ்புக்கில் பிளாக் பண்ணிக் கனகாலம். அதனால்தான் இதை இங்கே எழுதவே முடிகிறது. வாசிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் கொண்டுபோய்க் காட்டிவிடாதீர்கள். அவளுக்கு ஒரு கஞ்சத் தம்பி இருந்தான் என்றே இருக்கட்டும்.