எழுநூறு கிலோ காரும் நூறு இறாத்தல் உருளைக்கிழங்கும்

இது ஊர் பார்க்கப் போன பயணமல்ல. ஒரு காரை விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவுகட்டப் போன பயணம். என் கணவர் சுதன், பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ வீட்டுக் கராஜில் நாலு வருடமாக ஒன்றோடொன்று பூட்டி ஒரு கார் செய்தார். இரண்டு இருக்கை, கூரை கிடையாது, எடை எழுநூறு கிலோ. அதற்குள் பெரிய பிக்கப் வண்டியின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின். அந்த நாலு குளிர்காலமும் என் வான் வண்டி வெளியே பனியில் கிடந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

போன செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வளைவுகளுக்குப் பேர்போன 507ஆம் றோட்டால் கூடர்ஹம் என்ற ஊர் வரை போவது. வழியில் நான் "இறங்கப்போறன்" என்று ஒருமுறை சொன்னாலும் கார் விற்பனைக்கு. சொல்லாவிட்டால் கார் அவருக்கு, கராஜும் அவருக்கு. வாரத்தில் ஐந்து நாள் நகர பஸ் ஓட்டுகிறவள் நான். லீவு நாளில் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. அதனால் அவர்தான் ஓட்டினார்.

காலை 7.40க்கு வெளிக்கிட்டோம். நான் கட்டிவைத்த சாப்பாட்டுப் பையை அவர் வாசலிலேயே இறக்கிவிட்டார்.

"இஞ்சருமப்பா, ஹான்ட்பாக் மட்டும் கொண்டுவாரும். ஒவ்வொரு கிலோவும் வேகத்தைத் திண்டுடும்."

"அப்ப என்னையும் விட்டுட்டுப் போங்கோவன்," என்றேன். அதையும் யோசித்துப் பார்த்தது போலத்தான் இருந்தது அவர் முகம்.

பீற்றர்பரோ வரை 115 கிலோமீற்றர். 401ஆம் நெடுஞ்சாலையில் பார ஊர்திகளின் சில்லுகள் என் காதுக்கு நேரே சுழன்றன. பெற்றோல் 52 டொலர். பக்ஹோர்ன் ஊரை நெருங்கும்போது 10.10க்கு மழை பிடித்தது. கூரையில்லாத காரில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இருப்பதைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை.

அங்கே ஒரு நிறுத்தக் குறியில் நின்று கிளம்பினோம். இவர் அக்சிலறேற்றரை மிதித்தார். பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றின, கார் அரைவட்டம் அடித்து, வந்த வழியே ரொறன்ரோவைப் பார்த்து நின்றது. பின்னால் வந்தவர் ஹோர்ன்கூட அடிக்காமல், அபாய விளக்கைப் போட்டுவிட்டுப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எடை குறைந்தால் வேகம் கூடும், உண்மைதான். ஆனால் சில்லை றோட்டில் அமத்திப் பிடிக்கவும் எடைதான் வேண்டும்.

இதை இவரும் விளங்கிக்கொண்டார். எப்படி என்றால், இரண்டு கிலோமீற்றர் தள்ளி ஒரு பண்ணைக் கடையில் ஐம்பது இறாத்தல் உருளைக்கிழங்கு மூட்டை இரண்டு வாங்கினார், மொத்தம் நாற்பத்தைந்து கிலோ, 36 டொலர். கடைக்காரக் கிழவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சமையல் எங்கே?" என்று கேட்டார். மூட்டைகளைப் பின் சில்லுகளுக்கும் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் திணித்தோம். என் புட்டுப் பார்சலைப் பாரம் என்று வாசலில் இறக்கிவிட்டவர்தான் இவர்.

கிளம்பும்போது சில்லு சுற்றவில்லை. "பாத்தீரே!" என்றார். ஐந்தாவது வளைவில் வேகம் கூடிவிட்டது என்று பயந்து அக்சிலறேற்றரிலிருந்து காலைச் சடாரென்று எடுத்தார். வாலில் இருந்த நூறு இறாத்தலும் எங்களை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. கார் பக்கவாட்டில் வழுக்கி, றோட்டோரச் சரளையில் போய் நின்றது. இரண்டு அடி தள்ளிப் பள்ளம். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட.

இவர் மெல்லக் கேட்டார்: "இறங்கப்போறீரோ?"

"நான் இறங்கேல்லை. நீங்கள் இறங்குங்கோ. இஞ்சால வந்து இருங்கோ."

நான் ஸ்டியரிங் பக்கம் மாறினேன். பஸ் வேலைக்கு வரமுன் பேக்கரிப் பாண் விநியோக வண்டி ஓட்டியிருக்கிறேன். கையால் மாற்றும் கியர் எனக்குப் புதிதல்ல. முதலாம் கியரைத் தொடாமல் இரண்டாவதிலேயே எடுத்தேன். அந்த எஞ்சினுக்கு அது தாராளம். என் பஸ்ஸில் நாற்பது பேர் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார்கள் என்று நினைத்து மிதித்தேன். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, உள்ளே காலை அசைக்காமல் வைத்து, வெளியே வரும்போது மெல்ல அமத்தினேன். கார் றோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. மழை விட்டது. பத்தாவது வளைவில் எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோசச் சிரிப்பு, மறைக்க முடியவில்லை.

உங்களுக்கான குறிப்புகள்: ஸ்காபரோவிலிருந்து கூடர்ஹம் ஒருவழி சுமார் 190 கிலோமீற்றர். பக்ஹோர்னிலேயே பெற்றோல் அடியுங்கள். எங்கள் காரினது போல ஓடிப் பழகாத புது ரயர் நனைந்த றோட்டில் நம்பத் தக்கதல்ல. மூட்டை ஏற்றுவதை விடக் காலைப் பழக்குவது மலிவு.

கூடர்ஹமுக்கு எட்டுக் கிலோமீற்றர் இருக்கும்போது, இரண்டு கையாலும் கதவைப் பிடித்தபடி இவர் சொன்னார்: "கொஞ்சம் நிப்பாட்டுமப்பா, நான் இறங்கப்போறன்."

உடன்பாடு என்னைப் பற்றியது, அவர் சொன்னால் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மூன்றாம் கியருக்கு மாற்றினேன்.