குடிகாரன் வேஷமும் மாசச் சம்பளமும்

வீதி நாடகக்காரனுக்கு மழை, தேர்தல், அதிகாரி மாற்றம் மூன்றும் ஒன்றுதான். எது வந்தாலும் நிகழ்ச்சி ரத்து. பாட்டையோ ஆட்டத்தையோ நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நாடகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, தென்காசியில், அரசுத் துறைகளுக்கு நாடகம் போடும் ஒரு விழிப்புணர்வுக் குழுவில் நடிக்கிறேன். எப்போதும் எனக்குக் குடிகாரன் வேஷம்.

பெண் பார்த்தபோது

சுரண்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் செண்பகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை; அவளுடைய அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன வாரம் பஸ் ஸ்டாண்டுல வேட்டி அவுந்து கெடந்தது நீங்கதான?" என்றார்.

அது குடி கூடாதென்று சொல்லும் நாடகம் என்று அம்மா பதறிப்போய் விளக்கினாள். செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் முடிவானது. அவளுடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"நடிச்சது சரி தம்பி. நடிக்காத நாள்ல என்ன செய்யுதிய?"

சாரல் சீசன்

கல்யாணம் முடிந்து வந்த சாரல் சீசனில் குழுவுக்கு ஒரு நிகழ்ச்சிகூட வரவில்லை. வீட்டில் உட்கார முடியாமல் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். ஒரு ரிசார்ட்டில் பிள்ளைகளை வரவேற்கக் கரடி வேஷத்துக்கு ஆள் தேடினார்கள். நாடகத்தில் கிடைப்பதைவிடக் கூலி அதிகம். சாரலில் நனைந்த கரடி உடுப்பு என்னைவிடக் கனத்தது. வேறு நல்ல வேலை தருவாரோ என்ற ஆசையில், நடிப்பில் பட்டம் வாங்கியவன் என்று மேனேஜரிடம் சொன்னேன். சந்தோஷமாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அப்ப கரடி இன்னும் நல்லா வரணுமே!"

பெயிண்ட் கடை

செண்பகம் உண்டானதும் மாமனார் என்னைத் தென்காசியில் ஒரு பெயிண்ட் கடையில் சேர்த்துவிட்டார். மாசச் சம்பளம், ஞாயிறு லீவு. சும்மா நிற்கத்தான் முடியவில்லை. வெளிச்சுவருக்குப் பெயிண்ட் கேட்டு வந்தவரிடம், மழையில் சுவர் எப்படி அழும் என்று நடித்தே காட்டினேன். அவர் வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் முதலாளி அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பெயிண்ட வித்தாப் போதும். நீ எதுக்குலே அழுத?"

வீரகேரளம்புதூரில்

குழுத் தலைவர் போன் செய்தார். வீரகேரளம்புதூரில் நிகழ்ச்சி, குடிகாரனுக்கு வேறு ஆள் இல்லை. அண்ணாச்சி லீவு தர மறுத்தார். சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

கடைசிக் காட்சியில் நான் பாட்டிலைத் தூக்கியெறிந்து, "இனி தொட மாட்டேன்" என்று அழுவேன். அன்றைக்கும் அழுதேன், நல்ல கைதட்டல். கூட்டம் கலைந்த பிறகும் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். கேலி செய்யத்தான் நிற்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"ஒரே நிமிசத்துல திருந்திட்டியளே, அது எப்படின்னு எங்க வீட்டுக்காரருகிட்ட வந்து சொல்லுவியளா?"

வீடு திரும்பிய பிறகு

பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் செண்பகத்திடம் படபடவென்று கொட்டினேன்: நாடகத்தின் முடிவு பொய், நிஜமாகவே குடியை விட்டவர்களைப் பார்த்துக் கேட்க வேண்டும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அவள் வயிற்றில் கை வைத்தபடி முழுவதையும் கேட்டாள்.

"மாத்துங்க. மொதல்ல நாளைக்குக் கடைக்குப் போவியளா மாட்டியளா, அதச் சொல்லுங்க."

போனேன். அண்ணாச்சி திட்டித் தீர்த்துவிட்டு, நாடகம் இருக்கும் நாளுக்குச் சம்பளம் கிடையாது என்ற பேச்சோடு விட்டார். நாடகத்தின் முடிவையும் மாற்றினோம், இப்போது என் குடிகாரன் திருந்துவதில்லை, குடியை நிறுத்த மனைவியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறான், அவ்வளவுதான்.

நடிப்புத் தொழிலில் வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக இருக்கிறது, கூடவே வேறொரு வேலையும் இருந்தால்.