ஒதுக்கிய காய்

ஏலக்காய் வியாபாரத்தில் காய் பச்சையா வெளுப்பா என்று பார்ப்பவனுக்குக் கண்தான் சம்பளம் வாங்கித் தருகிறது. போடியில் ஒரு கடையில் அந்த வேலையில் இருந்தேன். பிறகு கண் போயிற்று. என்னைப்போல் நடுவயதில் பார்வை போனவர்கள் இதை யாராவது வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வாசிப்பவர் பாதியில் எழுந்து போனால் கோபப்படாதீர்கள். அவருக்கும் சோலி இருக்கும்.

வெளுத்த காய்

சிலமலை ஊர்க்காரர் ஒருவர் மலையிலிருந்து காய் கொண்டுவந்திருந்தார். தட்டில் பரப்பினேன். எல்லாம் சாம்பல் நிறம். உலர்த்தும்போது சூடு கூடிவிட்டது என்று சொல்லி ஒதுக்கினேன். அவர் கத்தினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அங்கேயும் சாம்பல்தான்.

முதலாளி என்னைவிட இளையவர். ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்: "காய் நல்லாத்தான் இருக்குண்ணே. நீங்க மதுரைக்குப் போயிக் கண்ணைக் காட்டுங்க."

அடுப்பு

சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது என்றார் மதுரை டாக்டர். மிச்சமிருந்ததும் சில மாதங்களில் போயிற்று. சட்டைப் பொத்தானைக்கூட என் மனைவி செல்விதான் போட்டுவிட்டாள்.

ஒருநாள் அவள் கடைக்குப் போன நேரத்தில் நானே அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டேன். பால் பொங்கி வழிந்தது. டம்ளர் நிறைந்ததா என்று பார்க்க விரலை விட்டதில் விரல் வெந்தது. நின்றுகொண்டே குடித்தேன். கண் போனபின் நானாகச் செய்த முதல் காரியம். செல்வி வந்தாள். அடுப்பைத் துடைத்தாள். என் விரலுக்கு மருந்து போட்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க ஒரு வேலை செஞ்சா எனக்கு ரெண்டு வேலையாகுது. சும்மா இருங்களேன்."

ஜீப்பு

சும்மா இருந்தேன். அந்த மாதங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் தேடினேன்; கிடைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் விடியலில், யாருடைய கையும் பிடிக்காமல் ஏலக்காய்க் கடை வரைக்கும் போய்விடுவது என்று கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

எஸ்டேட் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ரோட்டைத் தாண்ட வேண்டும். "வெரசா, வெரசா" என்று ஒரு கை என்னைப் பிடித்து ஏற்றியது. சுற்றிலும் பெண்கள், மடியில் சோற்றுத் தூக்குகள். ஜீப்பு என்று தெரிந்தது. இழுத்த பக்கம் போயே பழகிவிட்டதால் வாய் வரவில்லை. போடிமெட்டு ஏற்றத்தில் காது அடைக்க ஆரம்பித்த பிறகுதான் சொன்னேன், ரோட்டைத் தாண்ட நின்றவன் என்று. "காய் எடுக்க ஆளு பத்தலை, வாங்கண்ணே" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். "ஏறும்போதே சொல்ல வேணாமா? எவன் பிடிச்சு இழுத்தாலும் கூடவே போயிருவீங்களாண்ணே?"

சல்லடை

அடுத்த முறை, என்னைப் பிடிக்க நீண்ட கைகளை உதறிவிட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். பழைய இடத்தில் உட்கார்ந்து தட்டைக் கேட்டேன். பருங்காய், சின்னக்காய், வெடித்தது, உள்ளே விதையில்லாதது என்று விரலாலேயே பிரித்துக் காட்டினேன். காய் பொறுக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நான் முடிக்கும்வரை முதலாளி காத்திருந்தார். குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. "அளவு பிரிக்கச் சல்லடை இருக்குண்ணே. எனக்கு வேணும்கிறது நிறம்."

கோணி ஊசி

நான் எழுந்திருக்கவில்லை. எந்த வேலையாவது கொடுங்கள் என்றேன். மூட்டை வாய் தைக்கும் வேலை கிடைத்தது. தினமும் தனியாகப் போகிறேன், தனியாகத் திரும்புகிறேன். விரலெல்லாம் ஊசிக்குத்து. இரவில் செல்வி அதைத் தொட்டுப் பார்ப்பாள். சும்மா இருங்கள் என்று இப்போது சொல்வதில்லை.

போன வாரம் லோடு அவசரம். வேகமாகத் தைத்ததில் தோள் துண்டின் நுனியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். சுமைக்காரர் முருகன் மூட்டையைத் தூக்கியபோது துண்டு என் கழுத்தை இழுத்தது. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். முருகன் மூட்டையை இறக்காமலே கேட்டார்: "அண்ணே, மூட்டைய மட்டும் ஏத்தவா, ஒங்களையும் சேத்து ஏத்தவா?"

ஒதுக்கிய காய்க்கும் ஒரு விலை உண்டு என்று எத்தனையோ விவசாயிகளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டபோது அவர்கள் முகம் எப்படிப் போயிற்று என்பதைக் கண் இருந்தபோதே பார்த்து வைத்திருக்கலாம்.